அது வாஷர் இல்லை

என் கணவர் பல் டாக்டர். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஊரார் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டிருப்பவர். அவருடைய அக்காவோ, வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர் என்று பேர் வாங்கியவர். எனக்கு நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நாத்தனார் என்றாலே கொடுமைக்காரி என்று கதை கேட்டுக் கேட்டு, பயந்துகொண்டேதான் இந்த வீட்டுக்குள் காலை வைத்தேன். கடைசியில் எங்கள் வீட்டில் யார் யாரைக் கொடுமை செய்தது என்று இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அண்ணி ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சப் வேலை பார்த்தவர். பாஸ்போர்ட் படத்தில் முகப்பரு, நெற்றித் தழும்பு, கல்யாண ஆல்பத்தில் மாமனாரின் வழுக்கையில் விழுந்த பளபளப்பு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்துக் கொடுக்கிற வேலை. துடைத்த இடம் தெரியக்கூடாது. அந்தத் தொழிலின் மானமே அதில்தான் இருக்கிறது. "செத்துப்போனவங்க படத்தக் கொண்டுட்டு வர்றவங்க மட்டும், எதையும் துடைச்சிடாதீங்கன்னு சொல்லிட்டுப் போவாங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். என் மகளுக்கு அவர் டச்சப் அத்தை.

என் பிரசவத்துக்கு உதவியாக மூன்று மாத லீவு போட்டுவிட்டு வந்தார். மூன்று மாதம் கழித்து ஸ்டூடியோவில் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது. அண்ணியை யாரும் இருக்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவுமில்லை. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. ஒருமுறை குழந்தைக்கு அம்மை, இன்னொருமுறை எனக்கு ஆபரேஷன். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அப்புறம் வாருங்கள் என்று சொன்னால் அவர்கள் ஏன் வருகிறார்கள்? இப்படியே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. க்ளினிக்கின் முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டே அதை முழுக்கப் பார்த்தவள் நான்.

அண்ணியின் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். க்ளினிக்கும் வீடும் ஒரே கட்டடம். முன்னால் என் மேஜை, அடுத்து சிகிச்சை அறை, அதற்குப் பின்னால் ஒரு குட்டி அறை. ஒரு காலத்தில் எக்ஸ்ரே ஃபிலிம் கழுவின இருட்டறை அது, ஜன்னல் கிடையாது. எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியதும் அண்ணியின் மேஜையை அதற்குள் போட்டோம். கதவு சிகிச்சை அறைப் பக்கமாகத்தான் திறக்கும். பேஷண்டைப் படுக்கவைக்க நாற்காலியைச் சாய்த்தால் அதன் தலைமாடு போய்க் கதவை அடைத்துக்கொள்ளும். வேர் சிகிச்சை என்றால் ஒரு மணி நேரம் அண்ணி உள்ளேயே இருக்க வேண்டியதுதான். தாகமோ, வேறு அவசரமோ, பொறுத்துக்கொள்வார். கதவை மாற்றிப் போட்டுவிடலாம் என்று என் கணவர் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தச்சரை வரச்சொல்ல வேண்டியவள் நான். நான் சொல்லவில்லை. இத்தனைக்கும் எனக்கு அண்ணியின் மேல் கோபம் எதுவும் இல்லை. அவர் கேட்கவில்லை, அதனால் நானும் மறந்தேன்.

நாற்பது வயதில் என் கணவருக்கு வானப் பைத்தியம் பிடித்தது. அந்த வயதில் ஆண்களுக்கு வேறு என்னென்னவோ பைத்தியம் பிடிக்கிறதே, இது தேவலை என்று நானும் விட்டுவிட்டேன். மொட்டைமாடியில் தொலைநோக்கி, அதன் பின்னால் ஒரு காமிரா. அது வானத்தின் ஒரே இடத்தை ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாகத் தானே படம் பிடித்துக்கொண்டிருக்கும். அவர் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். காலையில் நூறு படம் அண்ணியின் மேஜைக்கு வந்து சேரும். அத்தனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நட்சத்திரங்களுக்கு நடுவில் புகை போல இருக்கிற மேகங்களை மெல்ல மெல்ல வெளியே கொண்டுவருவது அண்ணி. மூலையில் பேர் போட்டுக்கொள்வது என் கணவர்.

இந்த வேலையில் பெரிய தலைவலி தூசி. காமிராவுக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியில் கண்ணுக்கே தெரியாத ஒரு தூசி உட்கார்ந்தாலும் படத்தில் அது வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, கறுப்பாக விழும். பார்ப்பதற்குக் குழாயில் போடுகிற வாஷரேதான். எங்கள் வீட்டில் அதற்குப் பேரும் வாஷர்தான். அதைப் போக்க வழி இருக்கிறது. விடிந்ததும், காமிராவை அசைக்காமல், தொலைநோக்கியின் வாயில் ஒரு வெள்ளை பனியனை இழுத்துக் கட்டி, வெறும் வெள்ளையைப் படம் பிடிக்க வேண்டும். இதற்கு ஃப்ளாட் எடுப்பது என்று பேர். அந்த வெள்ளையில் தூசியின் நிழல் மட்டும் பதிவாகும். அதை வைத்து ராத்திரிப் படத்தைச் சரிக்கட்டினால் வாஷர் போய்விடும். ஒரே நிபந்தனை, ஃப்ளாட் எடுத்து முடிக்கும் வரை தூசி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அதைத் தட்டக்கூடாது, ஊதக்கூடாது.

இது என் கணவருக்கு மண்டையில் ஏறவே ஏறாது. பல் டாக்டர் ஆயிற்றே, அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்குமா? ஃப்ளாட் எடுக்கப் போகிறவர், அதற்கு முன்னால் காமிராவைக் கழற்றி, ரப்பர் பந்தை அமுக்கிப் புஸ் புஸ்ஸென்று ஊதிவிட்டு மாட்டுவார். பழைய தூசி ஒன்று போகும்; புதிதாக இரண்டு வரும். ராத்திரிப் படத்தில் இல்லாத தூசிக்கும் சேர்த்துச் சரிக்கட்டினால் என்ன ஆகும்? அந்த இடத்தில் கறுப்பு வாஷருக்குப் பதிலாக வெளுப்பு வாஷர் ஒன்று முளைக்கும்.

"தம்பி, தூசியத் தொடாத. முதல்ல ஃப்ளாட் எடு, அப்புறம் ஊது" என்பார் அண்ணி.

"சுத்தமா வெச்சுக்கிறது ஒரு குத்தமாக்கா?"

அண்ணி உள்ளே போய், வெளுத்த வாஷர்களை ஒவ்வொன்றாகக் கையால் துடைப்பார். பக்கத்து வானத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அதன்மேல் அப்புவார். துடைத்த இடம் கடவுளுக்கே தெரியாது. ஆனால் ஸ்டூடியோ பழக்கம் ஒன்று அவரிடம் போகவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைப்பார்: எந்த இடம், எதைத் துடைத்தேன், எதற்காக. "என் மச்சத்த எதுக்கு எடுத்தீங்கன்னு கஸ்டமர் வந்து சண்டை போட்டா காட்டணும்ல" என்றார். வானத்திலிருந்து யார் சண்டைக்கு வரப்போகிறார்கள் என்று நான் சிரித்தேன்.

என் மகளுக்குப் பதினாறு வயதான வருஷம் அது. வானியல் சங்கத்தின் போட்டிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அதற்காக என் கணவர் இரண்டு ராத்திரி படம் பிடித்திருந்தார். நாற்காலியில் ஒரு பேங்க் மேனேஜர் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். உள்ளே இருந்து கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பேஷண்ட் இருக்கும்போது அண்ணி கதவைத் தட்டியதே கிடையாது. நான் முன்மேஜையிலிருந்து எழுந்து ஓடினேன்.

"தம்பி, நாற்காலியக் கொஞ்சம் தூக்கு."

"அக்கா, ஊசி போட்டிருக்கேன்."

"மரத்துப்போகட்டும். அதுவரைக்கும் வந்து பாரு."

பஞ்சு வைத்த வாயோடு மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் குட்டி அறைக்குள் நின்றோம். என் கணவர் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. திரையில் சிவப்பாக ஒரு மேகம், அதன் ஓரத்தில் மூன்று நட்சத்திரம், மூன்றுக்கும் நடுவில் வெளுப்பாக ஒரு வாஷர்.

"முத ராத்திரிக்கும் ரெண்டாவது ராத்திரிக்கும் நடுவுல காமிராவத் திருப்பினியா?"

"திருகாணி லூசா இருந்துது. லேசா இறுக்கினேன்."

"லேசா இல்ல, கால்வாசி திரும்பியிருக்கு." அண்ணி இரண்டு ராத்திரிப் படங்களையும் நட்சத்திரத்தை வைத்துப் பொருத்தி, மாற்றி மாற்றிக் காட்டினார். "மத்த வாஷரெல்லாம் பாரு. காமிரா திரும்பின பக்கம் அதுவும் திரும்பிடுச்சு. இது ஒண்ணு மட்டும் நகரல. முத ராத்திரியும் இந்த மூணு நட்சத்திரத்துக்கு நடுவுல. ரெண்டாவது ராத்திரியும் அதே இடம்."

"அதனால?"

"தூசின்னா காமிராவோட சுத்தணும். இது நட்சத்திரத்தோட நிக்குது. இது காமிராவுல இல்ல தம்பி. வானத்துல இருக்கு."

அண்ணி பேசிக்கொண்டே போனார். நட்சத்திரப் பட்டியல் ஒன்றுவிடாமல் தேடிவிட்டாராம். அந்த இடத்தில் இப்படி ஒன்று இருப்பதாக யாரும் எழுதவில்லையாம். பழைய படங்களையும் எடுத்துப் பார்த்தாராம். நாலு வருஷமாக அதே மேகத்தை என் கணவர் படம் பிடித்திருக்கிறார். நாலிலும் அந்த வளையம் இருக்கிறது.

"நாலு தடவையும் நாந்தான் துடைச்சிருக்கேன்" என்றார். "நீ ஃப்ளாட் தப்பா எடுத்திருக்கன்னு உன்னத் திட்டிக்கிட்டே துடைச்சிருக்கேன்."

என் கணவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இருக்கலாம்க்கா. இல்லாமலும் இருக்கலாம். ஆனா நடுவர்ங்க பாத்தா என்ன சொல்வாங்க? ஃப்ளாட் எடுக்கத் தெரியாத பயல்னு சிரிப்பாங்க. இந்தத் தடவை தொடச்சிடு. போட்டி முடியட்டும், அப்புறம் நிதானமாப் பாக்கலாம்."

"மாட்டேன் தம்பி."

பதினாறு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. வெளியே மேனேஜர் மரத்த நாக்கோடு ஏதோ கூப்பிட்டார். என் கணவர் போய்விட்டார்.

அப்புறம் இரண்டு நாள் வீடு வீடாக இல்லை. என் கணவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, சோற்றில் கைவைக்காமல், பேஷண்டுகளிடம் எரிந்து விழுந்துகொண்டு, மகள் ரேடியோ போட்டதற்குக் கத்திக்கொண்டு இருந்தார். அண்ணி வழக்கம்போலச் சமைத்தார், துணி மடித்தார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். படத்தை மட்டும் தொடவில்லை. எனக்குத்தான் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மூன்றாம் நாள் ஒரு டம்ளர் டீயோடு உள்ளே போனேன்.

"அண்ணி, இந்த ஒரு தடவை. எனக்காக."

அவர் டீயை வாங்கிக்கொண்டார். "இது தூசி இல்லன்னு நீ நம்புறியா?"

"நம்பறேன் அண்ணி."

"நம்பிட்டேதான் கேக்கறியா?"

"ஆமா."

டம்ளரை வைத்துவிட்டு மவுஸைப் பிடித்தார். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. மூன்று நட்சத்திரத்துக்கு நடுவில் சுத்தமான கறுப்பு வானம். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல இப்போது நாக்கூசுகிறது, ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி என் கணவர் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சட்டம் போட்டு என் மேஜைக்கு மேலேயே மாட்டினோம். பல்வலியோடு வருகிறவர்களும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "டாக்டர் எடுத்ததா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன்.

எட்டு மாதம் கழித்து, ஒரு காலைப் பலகார வேளையில், சங்கத்துச் செயலாளர் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினார். எங்கோ ஒரு நாட்டில் இரண்டு பேர், அதே மேகத்தின் ஓரத்தில், அதே மூன்று நட்சத்திரத்துக்கு நடுவில், இதுவரை யாரும் குறிக்காத ஒரு வளையத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். செத்துக்கொண்டிருக்கிற ஒரு நட்சத்திரம் ஊதி எறிந்த வாயுவாம். என் கணவர் அதை இரண்டு தடவை படித்தார். முகம் செத்துவிட்டது.

"ஏங்க்கா, அன்னைக்கே இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அண்ணி அவர் தட்டைப் பார்த்தார். "உப்பு வேணுமா தம்பி?"

எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து போய்ச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. என் கணவர் கையைக் கழுவியதும் செயலாளருக்குப் போன் போட்டு, இதை நாங்கள் நாலு வருஷம் முன்பே பிடித்துவிட்டோம் என்றார். செயலாளர் கறாரான மனுஷர். மூலப் படங்களை அனுப்புங்கள், எதை எதைத் திருத்தினீர்கள் என்ற குறிப்பையும் அனுப்புங்கள் என்றுவிட்டார். குறிப்பு அண்ணியின் நோட்டில் இருந்தது. அதைத் தட்டச்சு செய்கிற வேலை என் தலையில் விழுந்தது.

முத்து முத்தான எழுத்து. இந்த இடத்தில் வாஷர், அந்த மூலையில் ஓர வெளிச்சம், எல்லாம் தேதியோடு. அந்தத் தேதிக்கு வந்தேன். 'வாஷர் இல்லை. நட்சத்திரத்தோடு நிற்கிறது. தம்பி துடைக்கச் சொன்னான், மறுத்தேன். அவன் மனைவி வந்து கேட்டாள். துடைத்தேன்.'

"இந்தக் குடும்பக் கதையெல்லாம் எதுக்கு? வேலைக் குறிப்ப மட்டும் அடி" என்று என் கணவர் தோளுக்குப் பின்னால் நின்று சொன்னார். சரி என்றேன். அவர் பேஷண்டைப் பார்க்கப் போனதும் ஒரு எழுத்து விடாமல் அடித்து அனுப்பினேன். அதனால் பாவம் கழிந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

சங்கத்து இதழில், நம் டாக்டரும் முன்பே படம் பிடித்திருந்தார் என்று ஒரு வரி வந்தது. என் கணவருக்கு அது போதுமாயிருந்தது. இரண்டு வாரம் கழித்து அண்ணி பேருக்கு ஒரு கடிதம் வந்தது. அண்ணி பேருக்கு அந்த வீட்டுக்கு வந்த முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும். செயலாளர் எழுதியிருந்தார். மலைமேல் நட்சத்திரம் பார்க்கிற ஆய்வகம் ஒன்று இருக்கிறது; அங்கே முப்பது வருஷப் படங்கள் கிடக்கின்றன. தூசி, பழுது என்று தள்ளிவிட்ட இடங்களை மறுபடி பார்த்து, எது தூசி எது தூசி இல்லை என்று பிரிக்க ஒரு ஆள் தேடுகிறார்கள். உங்கள் நோட்டைக் காட்டினேன். உங்களையே வரச்சொல்கிறார்கள். தங்க இடம் தருவார்கள். சம்மதமானால் எழுதுங்கள்.

அண்ணி அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தார். காதோரம் சிவந்துவிட்டது. அவர் அவ்வளவு சின்னப் பெண்ணாக இருந்து நான் பார்த்ததில்லை.

"நாப்பத்தெட்டு வயசுல மலையேறப் போறியாக்கா? உன் இஷ்டம்" என்றார் என் கணவர். அவர் உன் இஷ்டம் என்று சொல்கிற விதம் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற?"

போங்கள் அண்ணி என்று சொல்ல ஒரு மூச்சு போதும். மகளுக்கு அந்த வருஷம் கடைசிப் பரீட்சை. கணக்கு அண்ணி சொன்னால்தான் அவளுக்கு ஏறும். விடியற்காலையில் எழுப்புவது அண்ணி, தலைவலி என்றால் பக்கத்தில் உட்காருவது அண்ணி. நான் முன்மேஜையை விட்டு நகர முடியாது. இவ்வளவும் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது.

"பொண்ணு பரீட்சை முடியட்டுமே அண்ணி. ரெண்டரை மாசம்தானே. அப்புறம் தாராளமாப் போய்ட்டு வாங்க."

"சரி" என்றார். கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

பரீட்சை முடிந்தது. அவராகப் பேச்சை எடுக்கட்டும் என்று நான் இருந்தேன். அவர் எடுக்கவில்லை. எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குகிறது போல நடிக்கிறவரை எழுப்ப முடியாது என்பார்களே, அப்படி நடித்தவள் நான். மகளுக்குக் காலேஜில் இடம் தேடி அலைந்தோம். அவளை வெளியூர் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டோம். என் கணவருக்கு இடுப்புவலி வந்து ஒரு மாதம் படுத்தார். ஒவ்வொன்றுக்கும் அண்ணி வேண்டியிருந்தது. ஒன்றரை வருஷம் போய்விட்டது.

நேற்று மத்தியானம் பேஷண்ட் யாரும் இல்லை. மகள் இல்லாத வீடு ஓவென்று கிடந்தது. இனிமேலும் சாக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அண்ணியின் அறைக்குப் போனேன். ஏதோ ஒரு படத்தில் வாஷர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணி, அந்த மலை வேலைக்கு எழுதிப் போடுங்க. நீங்க போங்க. இவர நான் பாத்துக்கறேன், வீட்டையும் பாத்துக்கறேன். நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவர் திரும்பவில்லை. ஒரு வாஷரை முடித்து அடுத்ததற்குப் போனார்.

"அதுக்கு ஆள் எடுத்தாச்சும்மா."

"யார் சொன்னா?"

"அவங்கதான். நான் எழுதிக் கேட்டேன். உங்க பதிலுக்கு ரெண்டு மாசம் காத்திருந்தோம், வரல, போன வாரம்தான் வேற ஆளப் போட்டோம்னு எழுதியிருந்தாங்க."

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. அந்த அறையில் இன்னொரு நாற்காலி கிடையாது.

"எப்ப எழுதினீங்க அண்ணி?"

"பரீட்சை முடிஞ்சுதே, அன்னைக்குச் சாயங்காலம்."